கர்ப்பிணிக்கு ஃப்ளூ ஊசி: வயிற்றுப் பிள்ளைக்குப் பாதகம் உண்டா? ஏற்காடு தோட்டத்துப் பெண்களுக்காக

மலைச்செவிலி (கேள்வி)

வணக்கம். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்து மருந்தகத்தில், செப்டம்பர் கடைசி வாரம் கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி போட ஏற்பாடு நடக்கிறது. ஊசிச் செலவைத் தோட்டம் ஏற்கிறது. மொத்தம் ஒன்பது பேர். ஒருவருக்கு 7 வாரம். இருவருக்கு 14, 16 வாரம். நால்வர் 22-லிருந்து 27 வாரத்துக்குள். இருவருக்கு 34 வாரம் ஆகிவிட்டது, அதில் ஒருவருக்கு இரட்டைக் குழந்தை.

ஐப்பசி மழையும் பழம் பறிப்பும் ஒன்றாக வரும் காலம் இது. லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் நெருக்கம், ஜீப்பில் அதைவிட நெருக்கம். ஒருவருக்குச் சளி பிடித்தால் ஒரு வாரத்தில் லைன் முழுக்கச் சுற்றிவிடும். அதனால் ஊசி வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "வயித்துப் புள்ளைக்கு ஒன்னும் ஆகாதா?" இதற்கு "ஆகாது" என்ற ஒற்றைச் சொல் போதாது. எப்படி ஆகாது என்று விளக்கத் தெரிய வேண்டும்.

குறிப்பாக இவை: மூன்று மாதத்துக்குள் இருப்பவருக்குப் போடலாமா? ஃப்ளூ ஊசியால் கரு கலைகிறது என்று 2017-ல் வந்த அமெரிக்க ஆய்வு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதற்கு என்ன பதில்? 34 வாரத்தில் போட்டுப் பயன் உண்டா? சேலத்தில் வாங்கி மலைக்குக் கொண்டுவரும்போது ஊசி கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?


மகப்பேறு_சேலம்

சிஸ்டர், ஊசிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களின் பயத்தில் பாதி அங்கேயே தீரும்.

கையில் போடும் ஃப்ளூ ஊசி 0.5 மில்லி. அதில் இருப்பது கொல்லப்பட்டு உடைக்கப்பட்ட வைரஸின் துண்டுகள். ஒவ்வொரு வகை வைரஸிலிருந்தும் மேலுறைப் புரதம் 15 மைக்ரோகிராம், அவ்வளவுதான். உயிர் இல்லாததால் அது பெருகாது, தாய்க்கு ஃப்ளூவைத் தராது, பிள்ளையைப் போய்த் தொற்றாது. ஊசி போட்ட இடத்துத் தசையிலும் அக்குள் நெறிக்கட்டிகளிலும் தாயின் உடல் அந்தத் துண்டுகளைப் பார்த்து எதிர்ப்புப் புரதம் தயாரிக்கிறது. இரண்டு வாரத்தில் அது தயார். நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருவது அந்த எதிர்ப்புப் புரதம். அம்மா தன் உடம்பில் தயாரித்ததைத்தான் பிள்ளைக்கு அனுப்புகிறாள் என்று சொல்லிப் பாருங்கள், பாட்டிமார்களுக்குப் புரியும்.

மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து வேறு. அதில் வலுவிழக்கச் செய்த உயிர் வைரஸ் இருக்கிறது. கர்ப்பிணிக்கு அது வேண்டாம். கர்ப்பம் என்று தெரியாமல் யாராவது அதை எடுத்திருந்தால், அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லக் காரணம், பயத்தில் நேராகக் கலைப்பு மாத்திரைக்கு ஓடுபவர்கள் உண்டு.

இனி 7 வாரக்காரர். உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஃப்ளூ ஊசித் திட்டம் தொடங்கும் நாடுகள் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்றது. எந்த மாதமானாலும் போடலாம் என்றும் சொன்னது. அமெரிக்காவில் 2004-லிருந்தே எல்லா மாதத்திலும் போடச் சொல்கிறார்கள். நம் ஊரில் பல மருத்துவர்கள் 26 வாரம் வரை காத்திருப்பது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. முன்பே போட்டால் பிள்ளைக்குக் கெடுதல் என்று கண்டுபிடித்ததால் வந்த வழக்கம் அல்ல.

அந்த 2017 ஆய்வை மறைக்க வேண்டாம், முழுசாகச் சொல்லுங்கள். 2010-11, 2011-12 ஆகிய இரண்டு ஃப்ளூ பருவங்களில் கரு கலைந்த 485 பெண்களையும், கலையாத 485 பெண்களையும் ஒப்பிட்டார்கள். முந்தைய ஆண்டும் பன்றிக்காய்ச்சல் வகை சேர்ந்த ஊசி போட்டு, மறு ஆண்டு கர்ப்பத்தின் தொடக்கத்திலும் போட்டவர்களிடம் மட்டும், ஊசிக்குப் பின் 28 நாளுக்குள் கரு கலைவது கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குள் வந்த பெண்கள் மிகச் சிலர். ஊசிதான் காரணம் என்று ஆய்வு செய்தவர்களே சொல்லவில்லை. இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர்களே அடுத்த மூன்று பருவங்களை எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகளை வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. தொடர்பு இல்லை. முந்தைய ஆண்டு ஊசி போட்டவர்களிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும் சுற்றுகிறது. இரண்டாவது பாதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தானாகக் கலைகின்றன. பெரும்பாலும் 12 வாரத்துக்குள். ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். அந்த வாரங்களில் நூறு பேருக்கு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றினாலும் சிலருக்குக் கலையத்தான் செய்யும். பழி ஊசி மேல் விழும்.

அதனால் என் யோசனை: 7 வாரக்காரருக்கு உதிரப்போக்கோ அடிவயிற்று வலியோ இல்லை, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டது, அவரும் சம்மதிக்கிறார் என்றால் இப்போதே போடுங்கள். உதிரம் பட்டிருந்தாலோ, முன்பு கலைந்த அனுபவம் இருந்தாலோ, 13 வாரம் ஆகட்டும் என்று நவம்பர் பத்தாம் தேதி வாக்கில் போடலாம். ஊசி கெடுதல் செய்யும் என்பதால் இதைச் சொல்லவில்லை. தானாக நடப்பதற்கு ஊசி மேல் பழி விழுந்தால், அந்த லைனில் அடுத்த ஐந்து ஆண்டுக்கு ஒரு கர்ப்பிணியும் கை நீட்ட மாட்டாள். காத்திருக்கும் ஆறு வாரமும் வீட்டில் மற்றவர்களுக்கு ஊசி போடுவது, ஜீப் நெரிசலில் ஏற்றாமல் இருப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் மூன்று மாதத்தில் நாம் பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. பிள்ளையின் மூளை, தண்டுவடம் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடுகிறது. அந்தச் சமயத்தில் தாய்க்கு அடிக்கும் கடுங்காய்ச்சலுக்கும் அந்தக் குழாய் சரியாக மூடாத குறைக்கும் தொடர்பு பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பிந்தைய மாதங்களில் ஃப்ளூ வந்தால் தாயின் நுரையீரல்தான் தாங்காது. வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிவிடுகிறது, உடலுக்கு ஆக்சிஜனும் கூடுதலாகத் தேவை. 2009 பன்றிக்காய்ச்சலில் அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 1 சதவீதம்தான். இறந்தவர்களில் அவர்கள் 5 சதவீதம்.


பச்சிளம்_பிரிவு

டாக்டர் தாய் பக்கம் சொல்லிவிட்டார். பிறந்த பிள்ளை பக்கம் நான் சொல்கிறேன்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்த வயதுக்கு அனுமதி பெற்ற ஊசியே இல்லை. ஆனால் ஃப்ளூ வந்தால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு மோசமாவது அந்த வயதில்தான். இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி தாய்க்குப் போடும் ஊசி. வங்கதேசத்தில் 340 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. தென்னாப்பிரிக்காவில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரிடம் செய்த ஆய்வில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஏறக்குறைய 50 சதவீதம். மாலி, நேபாளம் ஆகிய நாடுகளில் 30 சதவீதத்தை ஒட்டி. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் இந்த எண் மாறும். அதனால் "ஊசி போட்டால் சளியே வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு பொய்த்தால் ஊசி மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். நேபாள ஆய்வில் ஊசி போட்டவர்களின் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 42 கிராம் எடை கூடுதல். எடை குறைந்த பிரசவங்களைப் பார்த்துப் பழகிய மலைப்பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

எப்போது போட்டால் பிள்ளைக்கு அதிகம் போகும்? எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது ஐந்தாம் மாதத்துக்கு முன்பே மெல்லத் தொடங்கும். பெரும்பகுதி போவது கடைசி மூன்று மாதத்தில். மாதம் முடிந்து பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் தாயின் அளவுக்கோ அதற்கு மேலோகூட இருக்கும். பிறந்தபின் மாதா மாதம் குறையும். தென்னாப்பிரிக்க ஆய்வில் பாதுகாப்பு மிக வலுவாக இருந்தது முதல் எட்டு வாரம்தான்.

இப்போது உங்கள் ஒன்பது பேரையும் பிரசவ மாதத்தோடு வைத்துப் பாருங்கள். 34 வாரத்துக்காரர்களுக்கு நவம்பர் முதல் பாதியில் பிரசவம். இவர்களுக்குத்தான் அவசரம் அதிகம், முதல் நாளே போட்டுவிடுங்கள். பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு ஊசி ஏறியிருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை முன்கூட்டியே வரலாம், அவருக்கு ஒரு வாரம் தாமதித்தாலும் பலன் குறையும். இரட்டை என்பதற்காக இரண்டு ஊசி கிடையாது, அதே 0.5 மில்லி ஒன்றுதான். 22 முதல் 27 வாரம் உள்ளவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை பிரசவம். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சரியான நேரம் இவர்களுக்குத்தான். 14, 16 வாரக்காரர்களுக்கு மார்ச்சில் பிரசவம். தாய்க்கு முழுப் பயன், பிள்ளைக்கும் ஓரளவு போகும். 7 வாரக்காரரின் குழந்தை மே மாதம் பிறக்கும். இன்று போடும் ஊசியில் அந்தக் குழந்தைக்குப் பிறந்தபின் கிடைப்பது சொற்பம். அது முழுக்க முழுக்கத் தாய்க்காகவும், வயிற்றில் இருக்கும் காலத்துக்காகவும் போடும் ஊசி. இதை அவரிடம் அப்படியே சொல்லலாம்.

ஆட்டிசம் பற்றி யாராவது கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் 1,96,929 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. கர்ப்பத்தில் போட்ட ஃப்ளூ ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு நிலைபெறவில்லை. முதல் மூன்று மாதத்தில் போட்டவர்களிடம் மட்டும் சின்னதாக ஒரு வித்தியாசம் தெரிந்தது. பல ஒப்பீடுகள் செய்தால் தற்செயலாக வரும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தபோது அதுவும் நிற்கவில்லை. ஸ்வீடனில் பன்றிக்காய்ச்சல் ஊசியை வைத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள், அங்கும் இல்லை. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 28,255 குழந்தைகளைச் சராசரியாக மூன்றரை ஆண்டுக்கு மேல் தொடர்ந்தார்கள். ஆஸ்துமா, அடிக்கடி வரும் தொற்று, புற்றுநோய் எதுவும் கூடவில்லை.


ஐந்துரோடு_மருந்தாளுநர்

சிஸ்டர், நான் பெட்டி விஷயம் மட்டும் சொல்றேன். நல்ல ஊசியும் கெட்டுப்போறது பெட்டிக்கும் கைக்கும் நடுவுலதான்.

வாங்கும்போது முதல்ல பாக்க வேண்டியது பருவம். ஃப்ளூ ஊசிக்கு வருஷத்துல ரெண்டு தயாரிப்பு. தென் அரைக்கோளத் தயாரிப்பு நம்ம கடைகளுக்குச் சித்திரை, வைகாசி வாக்குல வரும், பெட்டியில ஒரே வருஷம் போட்டிருக்கும். வட அரைக்கோளத் தயாரிப்பு செப்டம்பர், அக்டோபர்ல வரும், ரெண்டு வருஷம் சேத்துப் போட்டிருக்கும். உங்க தேதிக்குப் புதுசு வந்திருந்தா அதை வாங்குங்க. வரலேன்னா காலாவதி ஆகாத தென் அரைக்கோளப் பெட்டியே போதும், காத்திருந்து மழைக்காலத்தைத் தவற விடாதீங்க. போன வருஷத்து வட அரைக்கோளச் சரக்கை யாராவது தள்ளுபடியில தந்தா வேண்டாம்னுருங்க.

மூணு வகைப் பெட்டியும் வருது, நாலு வகைப் பெட்டியும் வருது. நாலாவதா இருந்த பி யமகாட்டா வைரஸ் 2020 மார்ச்சுக்கப்புறம் உலகத்துல எங்கயும் உறுதியா கண்ணுல படல. அதனால மூணு வகை ஊசி மட்டம்னு நினைக்க வேண்டியதில்ல. "பன்றிக்காய்ச்சல் ஊசி தனியா வேணும்"னு கேக்கறவங்களுக்கு: அந்த எச்1என்1 வகை இதுக்குள்ளயே இருக்கு.

ஒரே ஆளுக்கான, மருந்து நிரப்பின சிரிஞ்சா கேட்டு வாங்குங்க. அதுல பாதரசம் சேர்ந்த பாதுகாப்புப் பொருள் இருக்காது. பல டோஸ் பாட்டில்ல இருக்கறது எத்தில் பாதரசம், உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும், அதுவும் ஆபத்துன்னு நிரூபணம் இல்ல. ஆனா ஒன்பது பேர் வீட்டுலயும் அந்த விவாதத்துக்கு இடம் தராம இருக்கறது நல்லது.

பெட்டிக்குள்ள இருக்கற மடிப்புத் தாளை யாராவது படிச்சுக் காட்டுவாங்க. "கர்ப்பிணிகளிடம் போதிய ஆய்வு இல்லை, தேவையிருந்தால் மட்டும்"ங்கற மாதிரி வாசகம் சில தாள்கள்ல இருக்கு. அது அந்தக் கம்பெனி உரிமம் வாங்கறப்போ கர்ப்பிணிகளைச் சேத்து ஆய்வு செய்யலைங்கறதைச் சட்டப்படி எழுதறது. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பாத்த விவரம் அந்தத் தாளுக்கு மெதுவாத்தான் வரும்.

இனி மலை ஏத்தற விஷயம். ஊசிக்கு 2-லிருந்து 8 டிகிரி வேணும். ஏற்காடு நமக்குக் குளிரு, ஊசிக்கு இல்ல. அங்க மார்கழிப் பகல்லகூட 8 டிகிரிக்கு மேலதான் இருக்கும். "குளுகுளுன்னுதான இருக்கு"ன்னு மேசை மேல வைக்கறது பெரிய தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு உறைய விடறது. சூட்டுல கொஞ்ச நேரம் இருந்த ஊசிக்குத் தயாரிப்பாளர்கிட்ட கேட்டுத் தப்ப வழி இருக்கலாம். உறைஞ்ச ஊசியைத் தூக்கித்தான் போடணும். ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசியை உறைஞ்சதான்னு பாக்கக் குலுக்கிப் பாக்கற சோதனை உங்களுக்குத் தெரியும். அது அலுமினிய உப்பு சேர்ந்த ஊசிகளுக்குத்தான் செல்லும். வழக்கமான ஃப்ளூ ஊசியில அந்த உப்பு இல்ல, உறைஞ்சு உருகினதும் பழையபடி தெளிவா நிக்கும், கண்ணால கண்டுபிடிக்க முடியாது. அதனால உறையவே விடக்கூடாது.

ஃப்ரீசர்லருந்து ஐஸ் பேக்கை எடுத்த கையோட பெட்டிக்குள்ள வெச்சீங்கன்னா ஊசி உறையும். வெளிய வெச்சு, மேல வேர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி சலசலன்னு சத்தம் கேக்கற வரைக்கும் காத்திருங்க. நாலு பேக்கையும் துடைச்சுட்டு நாலு பக்கமும் வைங்க. சிரிஞ்சுப் பெட்டிகளை பிளாஸ்டிக் பைல போட்டு, நடுவுல, பேக் மேல படாம அட்டையோ துணியோ குடுத்து வைங்க. அட்டைப் பெட்டியை விட்டு வெளிய எடுக்காதீங்க, வெளிச்சமும் ஆகாது. ஒரு சின்ன தெர்மாமீட்டர் உள்ள இருக்கட்டும். வண்டிச் சீட்டுல வைங்க, வெயில் படற டிக்கியில வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு சேர ஒரு மணி நேரம் ஆகும், சனி ஞாயிறு கூட்டத்துல மாட்டினா அதுக்கு மேல. செவ்வாய், புதன் காலையில ஏத்துங்க. வாங்கின அன்னிக்கே போட்டு முடிக்கற மாதிரி வெச்சுக்கிட்டா மருந்தக ஃப்ரிட்ஜை நம்ப வேண்டியதே இல்ல.

மிச்சம் வைக்கணும்னா ஃப்ரிட்ஜ் நடுத்தட்டு. கதவுல வேண்டாம், பின்சுவரை ஒட்டி வேண்டாம், ஃப்ரீசருக்கு நேர் கீழ வேண்டாம். காலையும் மாலையும் அளவு பாத்து எழுதுங்க. மழைக்கு மலையில கரன்ட் போனா கதவைத் திறந்து திறந்து பாக்காதீங்க, எத்தனை மணிக்குப் போச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு மட்டும் குறிச்சு வைங்க.


மலைச்செவிலி

மிக்க நன்றி டாக்டர், நன்றி சார். செவ்வாய்க்கிழமை காலை என்று மாற்றிவிட்டேன்.

இன்னும் சில. 22 வாரக்காரர்களில் ஒருவருக்கு முட்டை சாப்பிட்டால் தடிப்பு வரும். ஒருவர் இரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் வகை ஊசி தினமும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார். 27 வாரக்காரருக்கு நெகட்டிவ் இரத்தம், பிள்ளையின் பாசிட்டிவ் இரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி அடுத்த வாரம் போட வேண்டும். ரண ஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசியின் இரண்டாம் தவணையும் சிலருக்கு அதே வாரத்தில் வருகிறது. எவ்வளவு நாள் இடைவெளி விடுவது?

இன்னொன்று, ஒரு மாமனார் கேட்டது: "அவ்வளவு நல்ல ஊசின்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல எல்லாருக்கும் ஏன் போடறதில்ல?"


மகப்பேறு_சேலம்

இடைவெளி வேண்டாம். ஃப்ளூ ஊசி, ரண ஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசி, ஆன்டி-டி எல்லாவற்றையும் ஒரே நாளில் போடலாம். ஒரு கையில் ஒன்று, மறு கையில் மற்றது. ஒரே கையில்தான் போட வேண்டியிருந்தால் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் தள்ளிப் போடுங்கள். கக்குவான் இருமலும் சேர்ந்த டிடாப் ஊசியைச் சொந்தச் செலவில் போடுபவர்கள் 27-லிருந்து 36 வாரத்துக்குள் போடுவார்கள், அதற்கும் ஃப்ளூ ஊசிக்கும் மோதல் இல்லை. எது எந்தக் கையில், எந்தத் தேதியில், எந்த பேட்ச் எண் என்பதைத் தாய்-சேய் அட்டையில் எழுதுங்கள். பிறகு கை வீங்கினால் எதனால் என்று தெரிய வேண்டும்.

முட்டைத் தடிப்பு தடையில்லை. வைரஸை முட்டையில் வளர்ப்பதால் மிகச் சிறிதளவு முட்டைப் புரதம் ஊசியில் இருக்கும். முட்டை ஒவ்வாதவர்களுக்குத் தனி முன்னெச்சரிக்கைகூடத் தேவையில்லை என்று அமெரிக்கப் பரிந்துரை 2023-ல் மாறிவிட்டது. எல்லா ஊசிக்கும் போல, கடும் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலின் பக்கத்தில் இருக்கட்டும், போட்டபின் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். போடக் கூடாதவர், முன்பு ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்து உயிராபத்துக்குப் போனவர். முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கை கால் தளரும் குய்யான்-பாரே என்ற நரம்பு நோய் வந்தவர் என்றால் எங்களிடம் அனுப்பிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அன்று 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருப்பவருக்குத் தள்ளிப் போடுங்கள். வெறும் மூக்கொழுகலுக்காகத் தள்ள வேண்டாம்.

ஹெபாரின்காரருக்கு மெல்லிய ஊசி, 25 கேஜ், ஒரு அங்குல நீளம். போட்டதும் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஹெபாரின் போட்ட கையோடு போடாமல் அடுத்த தவணைக்குச் சற்று முன்பு போட்டால் நல்லது. மற்றவர்களுக்கும் சேர்த்து: தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே, தசை தடித்த இடத்தில், நேராகக் குத்துங்கள். மேலே ஏறிப் போனால் தோள் மூட்டுக்குள் மருந்து இறங்கி வாரக்கணக்கில் கை தூக்க முடியாது. கூடை சுமக்கிற பெண்ணுக்கு அது பெரிய இடி. ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலேற்றாமல் தோளையே இறக்கிவிடச் சொன்னால் இந்தத் தவறு பாதி குறையும். சிரிஞ்சைக் குளிரோடு போடாமல் கொஞ்சம் வெளியில் வைத்து, லேசாகக் குலுக்கிப் போடுங்கள்.

மாமனாருடைய கேள்வி நியாயமானது. தேசிய தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிக்கு இலவசமாக இருப்பது ரண ஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசி. ஃப்ளூ ஊசி அதில் இல்லை. ஆண்டுதோறும் வகை மாற்றி, கோடிக்கணக்கில் வாங்கி, பருவத்துக்குள் போட்டு முடிக்க வேண்டிய ஊசி இது. ஒரு முறை போட்டால் பல ஆண்டு நிற்கும் ஊசிகளோடு செலவில் போட்டியிட முடியாது. அட்டவணையில் இல்லாததற்குப் பிள்ளைக்கு ஆகாது என்று அர்த்தமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவ்வப்போது சரக்கு வரலாம், கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மீதியை வாங்குங்கள்.

ஊசிக்குப் பின் கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில் கொடுங்கள். டைக்ளோஃபினாக், புரூஃபென் வேண்டாம், அதிலும் 20 வாரத்துக்கு மேல் கூடவே கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தால் அது ஊசிக் காய்ச்சல் இல்லை, வேறு எதையோ தேடுங்கள். நிலவேம்புக் குடிநீரை ஊசி நாளன்று லைனில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால், கர்ப்பிணிகளை அதிலிருந்து விலக்குங்கள். அவர்களுக்கு அதைச் சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.


பச்சிளம்_பிரிவு

வீட்டில் இருக்கும் மற்றவர்களை மறக்காதீர்கள். நவம்பரில் பிறக்கும் இரட்டைக் குழந்தைகளைத் தூக்கப் போவது பாட்டியும் அப்பாவும். முடிந்தால் அவர்களுக்கும் ஊசி. ஆறு மாதம் தாண்டிய மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் போடலாம். ஒன்பது வயது நிறையாத பிள்ளைக்கு முதன்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. பிரசவத்துக்கு முன் போட முடியாமல் போன தாய்க்குப் பால் கொடுக்கும்போது போடலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது.


மகப்பேறு_சேலம்

ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம் என்பதால் இதையும் அட்டையின் பின்னால் எழுதி ஒட்டுங்கள், சிஸ்டர். கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு இருமல், தொண்டை வலி வந்தால் மத்திய அரசின் ஃப்ளூ வகைப்பாட்டில் அவர் பி-2, அதாவது ஆபத்து அதிகமுள்ளவர்கள் பிரிவு. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தொடங்கலாம். 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். மலையிலிருந்து மருத்துவரைப் பார்க்க இறங்குவதற்கே ஒரு நாள் போகும் என்பதால் முதல் நாளே போனில் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்குவது, விரல் கருவியில் ஆக்சிஜன் 95-க்குக் கீழ், நெஞ்சு வலி, தலைசுற்றல், பிள்ளை அசைவு குறைவது, பாராசிட்டமாலுக்கும் இறங்காத காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் 108.


மலைச்செவிலி

எழுதிக்கொண்டேன் டாக்டர். 34 வாரத்துக்காரர்கள் இருவரும் முதலில், பிறகு நால்வர், பிறகு 14, 16 வாரம். 7 வாரக்காரருக்குத் திங்களன்று ஸ்கேன். அன்று துடிப்பைப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். அவருக்கும் சேர்த்து ஒன்பது சிரிஞ்சு வாங்கலாமா, எட்டா?


ஐந்துரோடு_மருந்தாளுநர்

எட்டு வாங்குங்க சிஸ்டர். திங்கக்கிழமை சாயங்காலம் அவங்க சம்மதிச்சுட்டா வாங்கற கடைக்கு ஒரு போன் போட்டு, செவ்வாக் காலை பெட்டியோட ஒன்பதாவதையும் சேத்து எடுத்துக்கங்க. நவம்பருக்குத் தள்ளினா அப்ப புதுச் சரக்குல வாங்கிக்கலாம். மலையில கரன்ட் போற மாசத்துல ஒரு சிரிஞ்சை ஆறு வாரம் ஃப்ரிட்ஜுல காத்து வைக்க வேண்டாம்.